கதிருக்கு முன் கதிரை

வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை என்றால் கிழமைக்கு ஐந்து நாள், ஆறேழு கிழமை, மொத்தம் 60 முதல் 70 கிரே வரை கதிர். அந்தக் கணக்குத் தொடங்குமுன் நோயாளி போய் உட்கார வேண்டிய கதிரை ஒன்று இருக்கிறது: பல் வைத்தியருடைய கதிரை.

நம் வீடுகளில் இது தலைகீழாகவே நடக்கும். "புற்றுநோயெண்டு சொல்லிப்போட்டினம், இதுக்குள்ள சூத்தைப் பல்லை ஆர் பார்க்கிறது? எல்லாம் முடியட்டும், பிறகு பிடுங்குவம்." கேட்க நியாயமான பேச்சு. ஆனால் அந்தப் 'பிறகு'தான் ஆபத்தானது.

கதிர் கட்டியோடு நின்றுவிடாது. பக்கத்துத் தாடையெலும்பின் நுண்ணிய இரத்தக் குழாய்களும் பழுதாகி, நாளடைவில் அடைபடும். கீழ்த்தாடைக்கு இயல்பிலேயே இரத்தோட்டம் குறைவு. கதிர் பட்ட பிறகு அங்கே ஒரு கொடுப்புப் பல்லைப் பிடுங்கினால் சிலருக்குக் குழி மூடவே மூடாது. முரசு விலகி எலும்பு வெளியே தெரியும், சீழ் வைக்கும், தாடை முறிந்தவர்களும் உண்டு. பிரெஞ்சு மருத்துவர் குளோட் ரெகோ 1922இலேயே எழுதி வைத்த சங்கதி இது. காலம் போனால் தீர்ந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். பத்து வருடம் கழித்தும் வரும்.

ஆகவே காப்பாற்ற முடியாத பல்லைக் கதிர் தொடங்க ஏறத்தாழ இரண்டு கிழமைக்கு முன்னரே பிடுங்கிவிடுவார்கள். புண் ஆற அவ்வளவு அவகாசம் வேண்டும். மற்றவற்றை அடைத்துச் சுத்தம் செய்வார்கள். நல்ல பல்லையும் சேர்த்துப் பிடுங்குவது பழைய முறை.

இது நமக்குத் தூரத்துச் சங்கதி அல்ல: இலங்கை ஆண்களிடையே முன்னணியில் நிற்பது வாய்ப் புற்றுநோய். புகையிலைத் தோட்டமும் வெற்றிலைத் தட்டமும் அறியாத பழைய குடும்பம் யாழ் குடாநாட்டில் எத்தனை? (புகையிலையை விட்டுவிட்டுப் பாக்கை மட்டும் மெல்லும் ஆச்சிமாருக்கு ஒன்று: பாக்கும் புற்றுநோய் தரும்.) முன்பெல்லாம் சிகிச்சைக்கு மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலையில் போய்க் கிடக்க வேண்டும். 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை பலர் நடந்து திரட்டிய நிதியில் தெல்லிப்பளையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. சிகிச்சை ஊருக்கே வந்துவிட்டது. முதல் நாளே "பல்லை ஆருக்குக் காட்டவேணும், டொக்டர்?" என்று கேட்பது நம் வேலை.

கதிர் நடக்கும்போது, இரண்டாம் மூன்றாம் கிழமையளவில் வாய் வெந்து புண்ணாகும். ஒரு கோப்பை இளஞ்சூட்டு நீரில் கால் தேக்கரண்டி அப்பச்சோடா, அதில் பாதி உப்பு. நாளுக்குப் பல தடவை கொப்பளித்துவிட்டு வெறும் தண்ணீரால் அலம்புங்கள். கடைகளில் விற்கும் அல்ககோல் கலந்த வாய் கழுவி எரிக்கும். மிருதுவான பிரஷ் போதும். கட்டுப்பல்லைக் கழற்றி வையுங்கள். உறைப்புக் கூழ் கொஞ்ச நாளைக்கு வேண்டாம்.

சிகிச்சை முடிந்தால் வாய்ப்புண் ஆறும். உமிழ்நீர் பலருக்குப் பழையபடி திரும்பாது. பல்லை அமிலத்திலிருந்து காத்தது அந்த உமிழ்நீர்தான். அது வற்றினால் பல்லின் கழுத்தைச் சுற்றிச் சூத்தை விழும், சில மாதங்களில் பல் முறியும். காய்ந்த வாய்க்கு டொபியும் சோடாவும் தேடுவது எரிகிற நெருப்பில் எண்ணெய். தண்ணீரை மிடறு மிடறாகக் குடியுங்கள். பல் வைத்தியர் எழுதித் தரும் செறிவு கூடிய புளோரைட்டைத் தினமும் பூசுங்கள். வாழ்நாள் முழுவதும் பூச வேண்டியிருக்கும்.

எத்தனை வருடம் கழித்தென்றாலும், எந்தப் பல் வைத்தியரிடம் போனாலும், வாயைத் திறக்குமுன் தாடைக்குக் கதிர் கொடுத்ததைச் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியையும் மறக்காமல் கொண்டு போங்கள்.