மேகக் கணிமைக்குத் தரவுத்தளப் பெயர்ச்சி: அகராதித் தரவுகளை முன்வைத்து

அகராதி, கலைச்சொற்றொகுதி, கல்வெட்டுச் சொல்லடைவு போன்றவற்றைக் கணிப்பொறியில் தொகுத்து வைத்துள்ள நிறுவனங்கள், அவற்றைத் தம் வளாகத்து வழங்கியிலிருந்து மேகக் கணிமைக்கு மாற்றும்போது ஒரு விந்தையான நிலை தோன்றுவதுண்டு. பெயர்ச்சிக்கு முன்னும் பின்னும் பதிவுகளின் எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. ஆயினும் தலைச்சொற்கள் சில தேடினால் அகப்படா. சொல் தளத்தில் உள்ளது, ஆனால் தேடுவோர்க்கு இல்லை. இந்நிலையின் காரணங்களை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உறவுமுறைத் தரவுத்தளம் என்னும் கருத்தை ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் 1970இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் முன்வைத்தார். இங்கு ‘உறவு’ என்பது அட்டவணைகள் ஒன்றோடொன்று கொள்ளும் தொடர்பைக் குறிப்பதாகப் பலரும் பொருள் கொள்கின்றனர். அது பிழை. காட் கருதியது கணக்கோட்பாட்டில் வரும் உறவு. அதாவது அட்டவணையே ஓர் உறவு. பள்ளிக் கணித நூல்களில் ‘உறவுகளும் சார்புகளும்’ என வழங்கும் அதே உறவு இது என்பதை மொழிபெயர்ப்பாளர் நினைவிற் கொள்ளுதல் நன்று.

மேகக் கணிமையில் இத்தகைய தளங்களைப் பேணும் சேவையை அமேசான் நிறுவனம் 2009இல் மைஎஸ்கியூஎல்லைக் கொண்டு தொடங்கியது. காப்புநகல் எடுத்தல், திருத்தங்களை நிறுவுதல், மாற்றுப்படி வைத்திருத்தல் ஆகியவற்றைச் சேவை தருவோர் ஏற்கின்றனர். அதற்கு ஈடாக, இயக்கமுறைமையைத் தொடும் உரிமையை நாம் இழக்கிறோம். பெயர்ச்சி இரு வழிகளில் நடைபெறும்: தளம் முழுவதையும் ஒரு கோப்பாக இறக்கிப் புதிய இடத்தில் ஏற்றுதல் ஒன்று, பழைய தளம் இயங்கிக்கொண்டிருக்கும்போதே அதன் மாற்றங்களைத் தொடர்ந்து படியெடுத்து, ஒரு நாளில் புதியதற்கு மாறுதல் மற்றொன்று. எவ்வழியாயினும் தமிழ்த் தரவுக்குரிய இடர்கள் ஒன்றே.

முதலாவது, குறியேற்றம். 1999இல் தமிழக அரசு ஏற்ற டாப், டாம் ஆகியவற்றிலும், திஸ்கியிலும் உள்ளிடப்பட்ட தரவுகள் பல, பழைய தளங்களில் ‘லத்தீன்-1’ என்னும் பெயரில் உறங்குகின்றன. பெயர்ப்புக் கருவி அப்பெயரை நம்பி, ஒவ்வொரு பைட்டையும் ஐரோப்பிய எழுத்தாகக் கொண்டு ஒருங்குறிக்கு மாற்றிவிடும். கருவியைக் குறை கூறுவதற்கில்லை, பெயர்ப்பலகையே பொய். அந்நெடுவரிசையை எழுத்தாகக் கொள்ளாது வெறும் பைட்டுகளாக எடுத்து, உரிய மாற்றியின் வழியாக ஒருங்குறியாக்கிய பின்னரே ஏற்ற வேண்டும்.

இரண்டாவது, மைஎஸ்கியூஎல்லில் ‘யூடிஎஃப்8’ என வழங்கியது உண்மையில் ஓர் எழுத்துக்கு மூன்று பைட்டுகளையே இடமளித்தது. தற்காலத் தமிழெழுத்துகள் மூன்று பைட்டுகளில் அடங்குவதால் குறை தெரியவில்லை. ஆனால் 2010இல் ஒருங்குறியில் சேர்ந்த பிராமி எழுத்துகளும், 2019இல் சேர்ந்த தமிழ்ப் பின்ன எண்களும் அளவைக் குறிகளும் நான்கு பைட்டுகளை வேண்டுவன. கண்டிப்பு முறை அணைக்கப்பட்ட தளத்தில் அவ்வெழுத்து வந்த இடத்தோடு சொற்றொடர் துண்டிக்கப்படும். 2010இல் வந்த நான்கு பைட்டு வகையிலும் ஒரு கண்ணி உண்டு. அதன் பழைய ஒப்பீட்டு விதிகள் இவ்வகை எழுத்துகள் அனைத்தையும் ஒன்றாகவே கருதின. மூன்று பிராமி எழுத்துகளாலான ஒரு சொல்லைத் தேடினால், மூன்று பிராமி எழுத்துகள் கொண்ட எல்லாச் சொற்களும் வந்து நிற்கும்! 2018இல் வெளிவந்த 8.0ஆம் பதிப்பின் இயல்பு விதியில் இக்குறை இல்லை. எனினும் பெயர்ச்சியின்போது அட்டவணைகள் பழைய விதியையே சுமந்து வருவது வழக்கம்.

மூன்றாவது, ஒகர உயிர்மெய். ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். எகரக்குறி, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பைட்டுகளை ஒப்பிடும் தளத்துக்கோ ‘கொடி’ இரு சொற்கள். ஒருங்குறி இவற்றைச் சமமானவை என வரையறுத்துள்ளது. ஒருமைப்படுத்தும் கட்டளை போஸ்ட்கிரஸ்கியூஎல்லில் 2020 முதல் உண்டு. ஔகாரக் குறியின் இரண்டாம் உறுப்புக்குப் பதில் ளகரத்தை இட்டிருப்பின் எவ்வொருமைப்பாடும் உதவாது. அதனை மனிதக் கண்ணே திருத்தவேண்டும்.

இவை யாவற்றினும் நுட்பமானது அகரவரிசை. ஒருங்குறியில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கின்றன. புள்ளி உயிர்க்குறிகளுக்குப் பின் நிற்கிறது. ஆகவே குறியெண் வரிசையில் ‘மனம்’ ‘மலர்’க்கு முன்னும், ‘அகம்’ ‘அக்கா’வுக்கு முன்னும் வரும். இரண்டும் அகராதி மரபுக்கு மாறு. வரிசை வெறும் அழகு அன்று. தளத்தின் சுட்டடைவு வரிசைப்படி கட்டப்பட்ட ஒரு மரம். தேடும் சொல் இக்கிளையில் இருக்குமா அக்கிளையில் இருக்குமா என்பதை வரிசை விதியே முடிவு செய்கிறது. மரம் ஒரு விதிப்படி கட்டப்பட்டு, தேடல் வேறொரு விதிப்படி நடந்தால் இருக்கும் சொல்லும் இல்லையென்றே விடை வரும். ஒருமுறைக்கு மேல் வரலாகாத தலைச்சொல் இருமுறை நுழையவும் கூடும்.

போஸ்ட்கிரஸ்கியூஎல் தன் வரிசை விதியை நெடுங்காலம் இயக்கமுறைமையிடமிருந்தே பெற்றுவந்தது. லினக்சின் ஜிலிப்சி நூலகம் 2018 ஆகஸ்டில் 2.28ஆம் பதிப்பில் தன் வரிசைத் தரவுகளைப் பெருமளவில் மாற்றியது. பழைய லினக்சிலிருந்து கோப்புகளை அப்படியே புதியதற்கு எடுத்துச் சென்றோர் மேற்கூறிய நிலையை எதிர்கொண்டனர். தரவை இறக்கி ஏற்றினால் சுட்டடைவு புதிதாகக் கட்டப்படுவதால் இவ்விடர் இல்லை. கோப்புப்படியாயின் எழுத்து நெடுவரிசைகளின் சுட்டடைவுகளை மீளக் கட்டியே ஆகவேண்டும்.

இயக்கமுறைமையைச் சாராத ஐசியூ நூலகத்தின் தமிழ் விதி மெய்யை உயிர்மெய்க்கு முன் வைக்கிறது. போஸ்ட்கிரஸ்கியூஎல் 2017இல் அதற்கு இடமளித்து, 2022இல் தளம் முழுமைக்குமான விதியாகவும் ஏற்றது. மைஎஸ்கியூஎல்லில் சிங்களத்துக்கெனத் தனி விதி உண்டு, தமிழுக்கு இல்லை. அங்கே வரிசைக்கெனத் தனி நெடுவரிசை ஒன்றை நாமே அமைத்துக்கொள்ள வேண்டும்.

சரிபார்ப்பில் பதிவுகளை எண்ணுவது போதாது. பழைய தளத்தைப் படிக்க மட்டும் திறந்து வைத்து, இரண்டிலிருந்தும் தலைச்சொற்களைக் குறியெண் வரிசையில் எடுத்து ஒப்பிடுதல் வேண்டும். நீண்ட பொருள்விளக்கங்களின் பைட்டு நீளத்தையும் ஒப்பிடவேண்டும், ஏனெனில் சில பெயர்ப்புக் கருவிகள் குறித்த அளவுக்கு மேற்பட்ட உரையை வெட்டிவிடுகின்றன. அதன்பின் ஒவ்வொரு தலைச்சொல்லையும் புதிய தளத்தில் சுட்டடைவின் வழியாகவே தேடிப் பார்க்க வேண்டும். இலட்சம் சொற்களாயினும் இவ்வேலையைப் பொறியே செய்துவிடும். அகப்படாத சொற்களின் பட்டியலைப் படிப்பது மட்டும் அகராதியாளர் பணி.