நர்ஸ் நிறுத்தச் சொன்னால் டாக்டர் நிற்க வேண்டும்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் இருக்கும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், உலகப் புகழ்பெற்ற மருத்துவமனை. 1998-ன் தொடக்கத்தில் அங்குள்ள ஒரு ஐ.சி.யூ.வில், சென்ட்ரல் லைன் போட்ட நோயாளிகளுக்கு ரத்தத் தொற்று அதிகமாக இருந்தது: 1,000 கதீட்டர் நாட்களுக்கு (ஒரு நோயாளியின் உடலில் குழாய் இருக்கும் ஒரு நாள், ஒரு கதீட்டர் நாள்) 11.3. கழுத்து, மார்பு அல்லது தொடையிலுள்ள பெரிய ரத்தக்குழாய் வழியாகச் செலுத்தப்படுவது சென்ட்ரல் லைன். மருந்து இறங்கும் அந்தப் பாதையிலேயே கிருமியும் உள்ளே போய்விடும்.

இதைத் தடுக்கும் வழி டாக்டர்களுக்கு நன்றாகவே தெரியும். கையைக் கழுவ வேண்டும். தோலைக் குளோர்ஹெக்சிடினால் துடைக்க வேண்டும். கவுன், மாஸ்க், கையுறை அணிந்து, நோயாளியின் உடல் முழுவதையும் கிருமி நீக்கிய துணியால் மூட வேண்டும். முடிந்தவரை தொடையில் போடக் கூடாது. தேவை முடிந்ததும் குழாயை எடுத்துவிட வேண்டும். மருத்துவ மாணவர்களுக்கும் தெரிந்த இந்த விதிகள் எத்தனை முறை பின்பற்றப்படுகின்றன என்று பக்கத்தில் நின்று கவனித்தபோது, 100-க்கு 62 என்றுதான் கணக்கு வந்தது.

ஐ.சி.யூ. மருத்துவரான பீட்டர் ப்ரோனோவோஸ்ட்டும் அவருடைய குழுவும் யாரையும் கண்டிப்பதற்கு முன்னால், வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தார்கள். ஒரு லைன் போடத் தேவையான பொருட்களை எடுக்க எட்டு இடங்கள் வரை போக வேண்டியிருந்தது. நோயாளி மூச்சுக்குத் திணறும் நேரத்தில், துணி கிடைக்கவில்லை என்றால் துணி இல்லாமலே வேலை நடக்கும். அதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் எல்லாவற்றையும் ஒரே டிராலியில் வைத்தார்கள். நடத்தை அறிவியலின் பாலபாடம் இதுதான்: சரியான செயலைச் செய்வது சுலபமாக இருந்தால்தான், களைத்துப்போன மனிதனும் அதைச் செய்வான்.

ஆனால், டிராலியைவிடக் கடினமான மாற்றம் ஒன்று இருந்தது. அந்த விதிகள் அடங்கிய ஒரு சரிபார்ப்புப் பட்டியல் நர்ஸின் கையில் கொடுக்கப்பட்டது. டாக்டர் ஒரு படியைத் தவறவிட்டால் நடைமுறையை நிறுத்தும் அதிகாரமும் அவருக்குத் தரப்பட்டது. தவறைப் பார்க்கும் கண்கள் அந்த அறையில் எப்போதுமே இருந்தன. பேசினால் என்ன ஆகுமோ என்ற பயம்தான் வாயைக் கட்டியிருந்தது. பதவியில் இளையவர் மூத்தவரைத் தடுப்பது எந்த ஊரிலும் லேசான காரியமில்லை. ‘தைரியமாகப் பேசுங்கள்’ என்று போஸ்டர் ஒட்டினால் அந்தப் பயம் போகாது. பேசியவர் பக்கம் நிர்வாகம் நிற்கும் என்ற உறுதி வேண்டும். இங்கே அது கிடைத்தது.

2002-ன் கடைசிக் காலாண்டில் அந்த ஐ.சி.யூ.வில் தொற்று விகிதம் பூஜ்யம்.

மிச்சிகன் மாநிலம் இதையே பெரிய அளவில் செய்தது. மூத்த நிர்வாகிகள் மாதந்தோறும் ஐ.சி.யூ.வுக்கே நேரில் போனார்கள். பல இடங்களில் குளோர்ஹெக்சிடினே கைவசம் இல்லை என்பது அப்படித்தான் தெரியவந்தது. 103 ஐ.சி.யூ.க்களின் இடைநிலைத் தொற்று விகிதம் 2.7-லிருந்து மூன்றே மாதங்களில் பூஜ்யத்துக்கு இறங்கியதாக 2006-ல் ஆய்வுக் கட்டுரை வெளியானது.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அறுவை அரங்குக்கென உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய பட்டியலை, புது டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்தபோது மரண விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. அதன்பின் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம், மருத்துவமனைகள் பட்டியலைப் பின்பற்றும் அளவை வெளியிட வேண்டும் என்று 2010-ல் உத்தரவிட்டது. ஏறக்குறைய எல்லா மருத்துவமனைகளும் முழுமையாகப் பின்பற்றுவதாகக் கணக்குக் காட்டின. 101 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014-ல் வெளியான ஆய்விலோ, மரணங்கள் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. ஏன் என்பதில் ஆய்வாளர்களிடையே வாதம் உண்டு. காகிதத்தில் டிக் அடிப்பது வேறு, அறைக்குள் பேச்சு மாறுவது வேறு என்றே நான் நினைக்கிறேன்.

மருத்துவமனை நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுவரில் அடுத்த பட்டியலை ஒட்டும் முன்பு, உங்கள் நர்ஸ் ‘நிறுத்துங்கள்’ என்று சொன்னால் அந்த நள்ளிரவில் அவருக்குத் துணை நிற்கும் நிர்வாகி யார் என்று முடிவு செய்யுங்கள். அவருடைய கைபேசி எண்ணை அந்தப் பட்டியலின் தலைப்பிலேயே அச்சிடுங்கள்.