குடும்பப் படங்களில் ஒரு போர்வை

ஊசியும் நூலும் பிடிக்கத் தெரிந்த தாய்மார்களுக்கும் சகோதரிகளுக்கும், அவர்களுக்குக் கைப்பேசியில் உதவக்கூடிய பிள்ளைகளுக்கும் ஒரு நல்ல வேலையைச் சொல்லித் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய பிஸ்கட் டின் ஒன்று இல்லாத வீடு நம்மில் குறைவு. திறந்து பார்த்தால் அதில் பிஸ்கட் இராது, படங்கள் இருக்கும். தாத்தா பாட்டியின் கல்யாணப் படம், பள்ளி வகுப்புப் படம், அடையாள அட்டைக்கென்று எடுத்த சின்னப் படம், லயத்து வாசலில் எல்லாரும் வரிசையாக நின்ற படம். நம் நாட்டு ஈரக் காற்றுக்கு இவை நெடுநாள் தாங்கமாட்டா. பூஞ்சணம் பிடிக்கும், இராமபாணப் பூச்சி அரிக்கும், ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும்.

படங்கள் கெடுவது ஒரு பக்கம். சிதறிப் போவது இன்னொரு பக்கம். 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் 'தோட்டத் துண்டாடல்' நடந்ததை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பெரிய தோட்டங்கள் சிறு சிறு துண்டுகளாக விற்கப்பட்டபோது பாட்டாளிகள் வேலையும் வீடும் இழந்தார்கள். அதற்கு மாற்றாகத்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. ஒரே லயத்தில் பிறந்தவர்களில் ஒருவர் கிள்ளானில், ஒருவர் ஜொகூரில், ஒருவர் சிங்கப்பூரில். படங்களும் அவர்களோடு பிரிந்தே போயின. இன்று பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரையச் சொன்னால், தாத்தா பெயருக்கு மேலே போக முடியாமல் பிள்ளைகள் பென்சிலைக் கடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

துண்டானதை ஒன்று சேர்க்கும் கைவேலை ஒன்று உண்டு. துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வைதான் அது. ஆங்கிலத்தில் குவில்ட் என்பார்கள். மலாய்க்காரர்கள் செலிமுட் பெர்ச்சா என்பார்கள். அந்தத் துண்டுகளின் நடுவே நம் குடும்பப் படங்களையே துணியில் அச்சிட்டு வைத்துத் தைத்தால் எப்படி இருக்கும்?

சாங்கிச் சிறையில் மூன்று போர்வைகள்

துணியில் தன்னை அடையாளம் காட்டுவது நமக்கு மிக அருகிலேயே நடந்திருக்கிறது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். கணவன்மார் உயிரோடு இருக்கிறார்களா என்று மனைவியருக்குத் தெரியாது; மனைவியரைப் பற்றிக் கணவன்மாருக்கும் தெரியாது. அப்போது எத்தெல் மல்வானி என்னும் கனடா நாட்டுப் பெண்மணி ஒரு வழி கண்டார். ஆளுக்கொரு சதுரத் துணியில் தன் பெயரையும் தன்னைப் பற்றிய ஏதாவதொன்றையும் பூவேலையாகத் தைக்க வேண்டும். அப்படி 66 சதுரங்கள் கொண்ட போர்வைகள் மூன்று உருவாயின. காயம்பட்டவர்களுக்கு என்று சொல்லி அவை மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டன. சதுரத்தில் மனைவியின் பெயரைக் கண்ட கணவன், அவள் உயிரோடு இருக்கிறாள் என்று அறிந்துகொண்டான். அவற்றுள் இரண்டு இன்று ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும், ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடமும் உள்ளன.

அந்தப் பெண்களிடம் படம் இல்லை; பெயர் மட்டுமே இருந்தது. நம்மிடமோ படம் இருக்கிறது. இனி வேலையைத் தொடங்குவோம்.

பிரதி எடுத்தல்

அசல் படத்தில் ஒருபோதும் கத்தரிக்கோல் படக்கூடாது. பிரதி எடுத்து அதில்தான் எல்லாத் திருத்தமும் செய்ய வேண்டும். 1970, 80களில் விற்ற ஒட்டும் ஆல்பங்களில் உள்ள படங்களைப் பிய்த்து எடுக்காதீர்கள். பல் இடுக்குச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே செலுத்தி, மெல்ல அறுத்து வந்தால் பெரும்பாலும் பிரிந்துவிடும். சட்டக் கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தை இழுக்காமல், கண்ணாடியோடு சேர்த்தே பிரதி எடுங்கள்.

ஸ்கேனர் இருந்தால் நல்லது. இல்லையேல் கைப்பேசி போதும். படத்தை ஜன்னலோரம் சமமான பலகையில் வைத்து, நேர் வெயில் படாமல், பிளாஷ் போடாமல், கைப்பேசியைப் படத்துக்கு நேர்மேலே பிடித்து எடுங்கள். கைப்பேசி சாய்ந்தால் படமும் கோணலாகும். தூரத்து உறவினரிடமிருந்து படம் வரவழைப்பதானால், வாட்ஸ்அப் என்னும் புலனத்தில் படமாக அனுப்பச் சொல்லாதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

அடையாள அட்டையிலிருந்து எடுக்கும்போது முகத்தை மட்டும் வெட்டி எடுங்கள். அட்டை எண் போர்வையில் வரக்கூடாது.

அளவுக் கணக்கு

துணியில் அச்சிட, ஓர் அங்குலத்திற்கு 200 படப்புள்ளிகள் இருந்தால் போதும். அதற்கு மேற்பட்ட நுணுக்கத்தைத் துணியின் இழைகள் விழுங்கிவிடும். நாம் 6½ அங்குலச் சதுரமாக அச்சிடப் போகிறோம். ஆகவே 1,300 புள்ளிகள் வேண்டும். அடையாள அட்டைப் படம் போன்ற சின்னப் படம் 35 மில்லிமீட்டர் அகலம் இருக்கிறது என்று கொள்வோம். ஸ்கேனரில் 600 என்று வைத்தால் சுமார் 825 புள்ளிகளே கிடைக்கும். 1,200 என்று வைத்தால் சுமார் 1,650 கிடைக்கும். எனவே சின்னப் படத்துக்குப் பெரிய எண் வைக்க வேண்டும் என்பது விதி.

கூட்டமாக நிற்கும் படத்தில் முகம் கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிதாக வந்தால் துணியில் ஆள் அடையாளம் தெரியாது. அத்தகைய படத்தில் இருவர் மூவராகப் பிரித்து இரண்டு மூன்று சதுரங்களாகப் போடலாம்.

திருத்தம்: எது தகும், எது தகாது

இக்கட்டுரையில் முக்கியமான பகுதி இதுவே.

முதலில் தகுவதைச் சொல்கிறேன். கோணலை நிமிர்த்தலாம். கீறலையும் கறையையும் நீக்கலாம். 1970களின் வண்ணப் படங்கள் பல சிவந்து போயிருக்கும்; அதில் உள்ள நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறிவிடுவதே காரணம். அந்தச் சிவப்பைக் குறைக்கலாம், அல்லது படத்தையே கறுப்பு வெள்ளையாக்கிவிடலாம். எல்லாப் படங்களையும் கறுப்பு வெள்ளையாக்கினால், வெவ்வேறு காலத்துப் படங்களும் ஒரே குடும்பம்போல் போர்வையில் சேர்ந்து நிற்கும். வண்ணத்தைச் சுற்றியுள்ள துணிகள் தந்துவிடும்.

துணி மையை உறிஞ்சிக்கொள்வதால் அச்சு, திரையில் பார்த்ததைவிட மங்கலாக வரும். ஆகவே வெளிச்சத்தையும் கறுப்பு வெள்ளை வேறுபாட்டையும் சற்றே கூட்ட வேண்டும். எங்கே நிறுத்துவது? தாத்தாவின் வேட்டியைப் பாருங்கள். வேட்டி வெள்ளையாகவும் அதன் மடிப்புகள் தெளிவாகவும் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். மடிப்புகள் மறைந்தால் நீங்கள் எல்லை தாண்டிவிட்டீர்கள்.

இனித் தகாதவை. முகத்தை வெளுக்காதீர்கள். இன்றைய கைப்பேசிகளில் ஒரு விரல் அசைவில் தோல் வெளுக்கிறது, சுருக்கம் மறைகிறது. விடியுமுன் எழுந்து பால் வெட்டி, வெயிலில் புல் வெட்டி, பிள்ளைகளை வளர்த்த முகம் அது. நிழலில் மறைந்த கண்ணைத் தெரியச் செய்வது வேறு. கறுத்த பாட்டியைச் சிவந்த பாட்டியாக்குவது வேறு. முதலாவது உதவி, இரண்டாவது அந்தப் பாட்டியின் முகத்தைக் கண்டு நாம் வெட்கப்படுகிறோம் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது.

மங்கிய முகத்தைத் தெளிவாக்கித் தருவதாகச் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடமும் எச்சரிக்கை வேண்டும். படத்தில் இல்லாத கண்ணையும் பல்லையும் அவை ஊகித்துத் தாமே வரைந்துவிடும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது யாரோ ஒருவர். மங்கலாக இருந்தாலும் நம் ஆள் நம் ஆளாகவே இருக்கட்டும்.

லயத்து வீட்டையும், ஒழுகும் தகரக் கூரையையும், வாசலில் கிடக்கும் பால்வாளியையும் அழித்துவிட்டுப் பூந்தோட்டத்தைப் பின்னணியாக வைக்காதீர்கள். அந்த இடங்கள் பல இன்று இல்லை, படத்தில்தான் இருக்கின்றன. அதேபோல், பேச்சுவார்த்தை நின்றுபோன சித்தப்பாவைப் படத்திலிருந்து நீக்காதீர்கள். சண்டை ஒரு தலைமுறையோடு போகலாம்; நீக்கிய படம் பல தலைமுறைக்கு நிற்கும்.

துணியில் ஏற்றுதல்

மை தெளிக்கும் அச்சுப்பொறிக்கென்று, தாள் ஒட்டிய பருத்தித் துணி ஏ4 அளவில் விற்கிறார்கள். அதில் நேரடியாக அச்சிடலாம். லேசர் அச்சுப்பொறியில் அதைச் செலுத்தாதீர்கள். சூட்டில் பசை உருகிக் கருவி கெட்டுவிடும். நிறமி மை என்னும் வகை, சாய மையைவிட நீரைத் தாங்கும். சாதாரண வெள்ளைத் துணியை ஏ4 ஒட்டுத்தாளில் ஒட்டியும் அச்சிடலாம். ஆனால் அது துவைத்தால் கரையக்கூடும், சுவரில் தொங்கவிட மட்டுமே ஆகும்.

துணியை வீணாக்குமுன் சாதாரணத் தாளில் ஒருமுறை அச்சிட்டுப் பாருங்கள். அச்சுப்பொறியில் வெள்ளை மை இல்லை. படத்தின் வெள்ளை என்பது துணியின் வெள்ளையே. ஆகவே பழுப்புத் துணி வேண்டாம்.

இஸ்திரி போட்டு ஒட்டும் தாளானால், வெள்ளைத் துணிக்கான வகைக்குப் படத்தை இடவலம் மாற்றி அச்சிட வேண்டும். உறையில் போட்டிருப்பதைப் படித்துக்கொள்ளுங்கள். சரியாக வந்ததா என்று பார்க்க எளிய வழி உண்டு: இடது தோளில் விழ வேண்டிய முந்தானை வலது தோளில் கிடந்தால் படம் திரும்பிவிட்டது.

தைத்தல்

12 படங்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். எல்லா அளவிலும் தையலுக்குச் சுற்றிலும் கால் அங்குலம் சேர்ந்திருக்கிறது. அச்சிட்ட படத்தை 6½ அங்குலச் சதுரமாக வெட்டுங்கள். முகம் ஓரத்திலிருந்து ஓர் அங்குலமாவது உள்ளே இருக்கட்டும். ஒவ்வொரு படத்துக்கும் 2½ அங்குல அகலப் பட்டைகள் நான்கு: 6½ அங்குல நீளத்தில் 2, 10½ அங்குல நீளத்தில் 2. சின்னதை மேலும் கீழும், பெரியதை இரு பக்கமும் தைத்தால் 10½ அங்குலச் சதுரம் கிடைக்கும். குறுக்கே 3, நெடுக்கே 4 என்று இணையுங்கள். பக்கங்களுக்கு 4½ அங்குல அகலமும் 40½ அங்குல நீளமும் உள்ள பட்டை 2. மேலும் கீழும் 38½ அங்குல நீளத்தில் 2. முடிந்த போர்வை 38க்கு 48 அங்குலம்.

பட்டைகளுக்குப் பாட்டியின் நூல் சேலை, தாத்தாவின் கைலி, பிள்ளைகளின் பழைய பள்ளிச் சீருடை ஆகியவற்றைப் பயன்படுத்துங்கள். புதுத் துணியானால் முதலில் துவைத்துச் சுருங்கவிட வேண்டும். நைந்த சேலையானால் பின்னால் மெல்லிய வெள்ளைத் துணி வைத்துச் சேர்த்துத் தைக்க வேண்டும். மேல் துணிக்கும் அடித் துணிக்கும் நடுவே மெல்லிய பஞ்சு விரிப்போ பழைய ஃப்ளானல் துணியோ வைத்து, மூன்றும் சேர ஓட்டுத்தையல் போடுங்கள். அச்சிட்ட துணியில் ஊசி குத்திய ஓட்டை மறையாது. ஆகவே முகத்தின் மேல் தையல் போகவேண்டாம், படத்தைச் சுற்றியே போகட்டும்.

துவைப்பது குளிர்ந்த நீரில், மென்மையான சவர்க்காரத்தில். உலர்த்துவது நிழலில். இஸ்திரி போடுவது பின்பக்கத்தில்.

படமே இல்லாதவர்கள்

நம் குடும்பங்கள் பலவற்றில் படமே இல்லாமல் போனவர்கள் உண்டு. 1942, 43ஆம் ஆண்டுகளில் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர்கள் எத்தனை பேர்! அவர்களை விட்டுவிட வேண்டாம். சாங்கிப் பெண்கள் செய்ததைப்போல், வெறும் வெள்ளைச் சதுரம் ஒன்றில் அவருடைய பெயரையும், தெரிந்தால் தோட்டத்தின் பெயரையும் பூவேலையாகத் தைத்து, மற்றப் படங்களோடு சரிசமமாக வையுங்கள்.

போர்வையின் பின்பக்கம் ஒரு துணித்துண்டில் ஒவ்வொரு படத்துக்கும் பெயர், உறவுமுறை, ஊர், ஆண்டு ஆகியவற்றை எழுதித் தைப்பதும் அவசியம். பெயரில்லாத படம் இரண்டு தலைமுறைக்குப் பிறகு அந்நியர் படமாகிவிடும்.

இவற்றையெல்லாம் சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். வரும் பள்ளி விடுமுறையில் டின்னைத் திறந்து பெரியவர்களின் பக்கத்தில் உட்காருங்கள், ஒவ்வொரு படத்தையும் காட்டி "இது யார்?" என்று கேட்டு, சொல்வதைப் பிள்ளைகளைக் கொண்டு எழுதி வையுங்கள். தைப்பதை அடுத்த மாதமும் தைக்கலாம். கேட்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.