குடிநீர்க் குழாய்க்கு எந்த ஈயம்? சால்டரிங் செய்யும் முன் கவனிக்க வேண்டியவை!

ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. உடலுக்கு நஞ்சாவது காரீயம். பேச்சுவழக்கில் இரண்டுமே 'ஈயம்'தான். குடிநீர் வரும் செம்புக் குழாயைப் பற்றவைக்கும்போது மட்டும் இந்தக் குழப்பம் கூடவே கூடாது.

ரேடியோ, டி.வி. ரிப்பேருக்குப் பயன்படும் சால்டர் கம்பிகள் பலவற்றில் காரீயம் கலந்திருக்கும். குழாய் இணைப்பில் அதை வைத்தால், தண்ணீரில் சிறிது சிறிதாகக் கரையும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். தண்ணீரைக் காய்ச்சினாலும் காரீயம் போகாது. அமெரிக்காவில் குடிநீர்க் குழாய்களுக்குக் காரீய சால்டர் 1986-லேயே தடை செய்யப்பட்டது. எனவே, காரீயம் இல்லாத சால்டர்தானா என்று பிளம்பரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

தண்ணீர் நிற்கக் கூடாது

குழாயில் கொஞ்சம் தண்ணீர் தங்கினாலும் சால்டர் பிடிக்காது. வெள்ளீயம் உருக 232 டிகிரி செல்சியஸ் வேண்டும். தண்ணீரோ 100 டிகிரியிலேயே கொதித்து, வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். குழாயை முழுக்க வடித்துவிட்டு, பக்கத்தில் ஒரு டேப்பைத் திறந்து வையுங்கள். உள்ளே உண்டாகும் நீராவி வெளியேற வழி வேண்டும்.

தேய்ப்பதில்தான் பாதி வேலை

வெட்டிய முனையில் உள்ள பிசிறை எடுத்துவிட்டு, குழாயின் வெளிப்புறத்தையும் ஃபிட்டிங்கின் உட்புறத்தையும் எமரி தாளால் பளபளவென்று தேய்க்க வேண்டும். தேய்த்த இடத்தில் கை படக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும். பிறகு ஃப்ளக்ஸை மெல்லியதாகத் தடவ வேண்டும்.

தீயைச் சால்டர் மீது காட்டக் கூடாது. ஃபிட்டிங்கைச் சூடாக்கி, மறுபக்கத்தில் சால்டரைத் தொட்டால், இடுக்குக்குள் அதுவே இழுத்துக்கொண்டு போகும். சூடு அதிகமானால் ஃப்ளக்ஸ் கருகிவிடும்; சால்டர் ஒட்டாமல் உருண்டு விழும். பற்றவைத்த இணைப்பை ஆறும் வரை அசைக்காதீர்கள். தண்ணீர் ஊற்றியும் குளிரவைக்காதீர்கள்.

தீ ஜாக்கிரதை!

அருகில் மரக் கதவு, திரை, பெயின்ட் டப்பா இருந்தால் அகற்றுங்கள். ஒரு வாளித் தண்ணீரும் ஈரத் துணியும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஃப்ளக்ஸ் புகை கண்ணையும் மூச்சையும் எரிக்கும். மரத்துக்குள் தீ கண்ணுக்குத் தெரியாமல் கனன்றுகொண்டிருக்கலாம். அதனால் வேலை முடிந்து அரை மணி நேரமாவது அங்கே ஒருவர் இருப்பது நல்லது.

கசிவு இல்லை என்று உறுதியானதும், சில நிமிடங்கள் தண்ணீரைத் திறந்துவிட்டு, ஃப்ளக்ஸ் மிச்சம் போன பிறகே குடிக்கவும் சமைக்கவும் பிடியுங்கள்.