மிக்கி எலி பாரிசில் பட்ட பாடு!

1989-ம் ஆண்டு அக்டோபர் மாதம். பாரிஸ் நகரத்தின் பங்கு மார்க்கெட் வாசலில் ஒரே கூட்டம். மைக்கேல் ஐஸ்னர் என்ற அமெரிக்கர் பேச வந்தார்.

திடீரென்று முட்டைகள் பறந்து வந்தன!

வீசியவர்கள் வாலிபர்கள். "மிக்கியே, திரும்பிப் போ!" என்று கோஷம் போட்டார்கள்.

ஐஸ்னர் யார்? டிஸ்னி கம்பெனியின் தலைவர். அவர் செய்த குற்றம் என்ன? பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு கேளிக்கைப் பூங்கா கட்டப் போகிறோம், அதற்குப் பங்கு வாங்குங்கள் என்று கேட்க வந்தார். அவ்வளவுதான்.

குழந்தைகள் விளையாடும் பூங்காவுக்கா இத்தனை கோபம்?

சித்திரக்காரரின் கனவு

மிக்கி எலியைப் படைத்தவர் வால்ட் டிஸ்னி. கார்ட்டூன் படங்கள் எடுத்துப் பெரும் பணம் சேர்த்தவர். அவர் 1955-ம் ஆண்டு ஜூலை மாதம் கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்து என்ற பூங்காவைத் திறந்தார். உள்ளே போனால் கோட்டை, காடு, கப்பல், ரெயில் எல்லாம் உண்டு. படத்தில் பார்த்த எலியும் வாத்தும் எதிரே வந்து கை குலுக்கும்!

கூட்டம் அலை மோதியது. டிஸ்னி 1966-ல் இறந்தார். ஆனால் அவருடைய கம்பெனி வளர்ந்தது. வெளிநாட்டிலும் கடை விரிக்க ஆசைப்பட்டது.

முதலில் போன இடம் ஜப்பான்.

"அசல் அமெரிக்கா வேண்டும்!"

டோக்கியோவுக்குப் பக்கத்தில் 1983-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி பூங்கா திறக்கப்பட்டது. பணம் போட்டது ஒரு ஜப்பானியக் கம்பெனி. பெயரும் யோசனையும் தந்த டிஸ்னிக்கு வருமானத்தில் ஒரு பங்கு.

"எங்களுக்காக எதையும் மாற்ற வேண்டாம். அமெரிக்காவில் உள்ளதை அப்படியே கொண்டு வாருங்கள்" என்பதுதான் ஜப்பானியரின் விருப்பம். அங்கே மழை அதிகம். ஆகவே கடைத்தெருவுக்குக் கூரை போட்டார்கள்.

சாப்பாட்டில்தான் சிறு சிக்கல். ஜப்பானியத் தாய்மார் வெளியே புறப்பட்டால் சோற்றையும் கறியையும் சிறு பெட்டியில் அடுக்கி எடுத்துக்கொண்டுதான் போவார்கள். பூங்காவிலோ வெளிச் சாப்பாட்டுக்குத் தடை. என்ன செய்வது? வாசலுக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் ஒதுக்கினார்கள். தகராறு தீர்ந்தது.

ஜப்பானில் இன்னொரு பழக்கமும் உண்டு. ஊருக்குப் போய் வந்தால் உறவினருக்கும், உடன் வேலை செய்வோருக்கும் பரிசு வாங்கி வர வேண்டும். வெறுங்கையோடு வந்தால் மரியாதை இல்லை! பூங்காவின் கடைகளில் வியாபாரம் கொடி கட்டிப் பறந்தது. முதல் ஆண்டில் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் வந்தார்கள்.

டிஸ்னி அதிகாரிகள் கணக்குப் போட்டார்கள். "ஜப்பானில் ஒன்றையும் மாற்றவில்லை. கூட்டம் வந்தது. ஐரோப்பாவிலும் அப்படித்தான் வரும். இந்தத் தடவை நாமே முதலாளியாக இருப்போம்" என்று நினைத்தார்கள்.

கணக்கு அங்கேதான் தப்பியது.

பீட்ரூட் வயலில் கோட்டை

பாரிசுக்குக் கிழக்கே 32 கிலோ மீட்டர் தூரத்தில் மார்ன்-லா-வல்லே என்ற இடம். சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் கிழங்கு விளைகிற பூமி. பிரெஞ்சு அரசாங்கம் 1987-ல் ஒப்பந்தம் செய்து, மலிவான விலையில் நிலம் கொடுத்தது. ரெயில் பாதையும் போட்டுத் தந்தது.

அறிவாளிகள் கொதித்தார்கள். அதற்கு முந்திய ஆண்டுதான் செர்னோபில் அணு உலை வெடித்து ஐரோப்பா முழுவதும் நடுங்கியிருந்தது. அதை வைத்து, "இது பண்பாட்டுச் செர்னோபில்" என்று சாடினார் ஆரியான் முனுஷ்கின். அவர் புகழ்பெற்ற நாடக டைரக்டர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. டிஸ்னி படமாக்கிய "சிண்டரெல்லா" யாருடைய கதை? "தூங்கும் அழகி" யாருடைய கதை? இரண்டையும் 1697-லேயே புத்தகமாகப் போட்டவர் பெரோ என்ற பிரெஞ்சுக்காரர்! பிரான்சில் பிறந்த பெண், அமெரிக்கா போய் உடை மாற்றிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வருகிறாள். வீட்டாருக்கு அடையாளம் தெரியவில்லை, கோபம் வருகிறது.

கோட்டை விஷயத்தில் கம்பெனி யோசித்துத்தான் நடந்தது. பிரான்சில் திரும்பின பக்கமெல்லாம் உண்மையான கோட்டைகள் இருக்கின்றன. பொம்மைக் கோட்டையை யார் பார்ப்பார்கள்? ஆகவே கதையில் வருவது போலவே இளஞ்சிவப்பு நிறத்தில் ஒன்று கட்டினார்கள். அடியில் ஒரு குகை. அதில் உறுமுகிற பறக்கும் நாகம்!

ஆனால் அவ்வளவு யோசித்தவர்கள் மனிதர் வயிற்றை மறந்துவிட்டார்கள்.

மீசைக்குத் தடை! மதுவுக்குத் தடை!

"யூரோ டிஸ்னி" என்ற பெயரில் பூங்கா 1992-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி திறக்கப்பட்டது. ஏறக்குறைய 12,000 பேருக்கு வேலை கிடைத்தது. ஆனால் வேலைக்கு வந்தவர்கள் தாடி, மீசை வைக்கக் கூடாது என்று உத்தரவு! தொழிற்சங்கங்கள் கொதித்து எழுந்தன. "எங்கள் முகம், எங்கள் உரிமை" என்பது அவர்கள் வாதம். (வால்ட் டிஸ்னிக்கே மீசை உண்டு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.)

அடுத்தது மது. பிரெஞ்சுக்காரருக்குப் பகல் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் திராட்சை மது வேண்டும். நம் வீட்டில் சாப்பாட்டுக்கு மோர் மாதிரி. குடும்பப் பூங்காவில் மது கூடாது என்று கம்பெனி சொன்னது. பிரெஞ்சுக்காரர் முகம் சுளித்தார்கள்.

"ஐரோப்பியர் காலையில் அதிகம் சாப்பிட மாட்டார்கள்" என்று யாரோ சொன்னதை நம்பி, காலைச் சாப்பாட்டு அறைகளைச் சின்னதாகக் கட்டினார்கள். விடிந்தால் முட்டையும் பன்றிக்கறியும் கேட்டு நீண்ட கியூ! மத்தியானமோ வேறு கூத்து. அமெரிக்கர் நடந்துகொண்டே எதையாவது கொறிப்பார்கள். பிரெஞ்சுக்காரர் பன்னிரண்டரை மணி அடித்தால் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் வந்தால் நாற்காலிக்கு எங்கே போவது?

ஓட்டல்களிலோ ஆள் இல்லை. ஆறு ஓட்டல்கள், ஏறக்குறைய 5,200 அறைகள். அமெரிக்கர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போடச் சொல்லியாவது அழைத்து வருவார்கள். பிரெஞ்சுப் பெற்றோர் அப்படிச் செய்வதில்லை. கோடையில் நீண்ட விடுமுறை. மற்ற நாட்களில் பள்ளிக்கூடம். வந்தவர்களும் சாயங்காலமே ரெயில் ஏறிப் பாரிசுக்குப் போய்விட்டார்கள்.

போதாக்குறைக்கு ஜூன் மாதம் விவசாயிகள் டிராக்டர்களைக் கொண்டுவந்து வழியை மறித்தார்கள். அமெரிக்காவின் விவசாயக் கொள்கை மீது இருந்த கோபம். அடி வாங்கியது மிக்கி!

1993-ல் நஷ்டம் 530 கோடி பிராங்க். பூங்காவை மூட வேண்டியதுதானோ என்ற பேச்சு எழுந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சோறு அதில் இருந்தது.

வழி திறந்தது

அந்த ஆண்டிலேயே பிலிப் பூர்கினியோன் என்ற பிரெஞ்சுக்காரர் தலைவராக வந்தார். உணவகங்களில் மதுவுக்குத் தடை நீங்கியது. 1994-ல் கடன் கொடுத்த பாங்குகள் இறங்கி வந்தன. சவூதி இளவரசர் ஒருவர் பணம் போட்டார். பெயரும் "டிஸ்னிலாந்து பாரிஸ்" ஆயிற்று. 250 பிராங்க் டிக்கெட் 1995-ல் 195 பிராங்க் ஆகக் குறைந்தது.

அதே ஆண்டு ஒரு புதிய ராட்டினம் வந்தது. பீரங்கியில் வைத்துச் சந்திரனுக்குச் சுடுவது போன்ற ராட்டினம். கதை யாருடையது? பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்னுடையது! கூட்டம் வந்தது. அந்த ஆண்டு பூங்கா முதன்முதலாக லாபம் காட்டியது.

பிறகு கம்பெனி ஹாங்காங் போனது. 2005-ல் பூங்கா திறக்கும் முன்பே, வாஸ்து பார்த்து வாசலைத் திருப்பி வைத்தார்கள். கல்யாண விருந்தில் சுறா மீன் துடுப்பு சூப் தருவதாக அறிவித்தார்கள். சீனர் வழக்கத்துக்கு மரியாதை செய்யும் எண்ணம். சுறா இனம் அழிகிறது என்று கூச்சல் கிளம்பியது. சூப்பைக் கைவிட்டார்கள். மாற்றாவிட்டாலும் வம்பு, மாற்றினாலும் வம்பு!

2016-ல் ஷாங்காய் பூங்கா திறந்தது. அங்கேயும் வெளித் தின்பண்டத்துக்குத் தடை. 2019-ல் சட்டக் கல்லூரி மாணவி ஒருவர் தின்பண்டத்தோடு போனார். வாசலில் பையைச் சோதித்துத் தடுத்தார்கள். அவர் கோர்ட்டுக்குப் போனார். நாடு முழுவதும் அதே பேச்சு. கடைசியில் கம்பெனி சமாதானம் செய்துகொண்டு அவருக்கு 50 யுவான் கொடுத்தது. அந்த ஆண்டு செப்டம்பர் முதல், வீட்டுத் தின்பண்டத்தை உள்ளே கொண்டு போகலாம் என்று ஆயிற்று. ஒரு நிபந்தனை: வாசனை ஊரைக் கூட்டக் கூடாது!