ஒளியடித்து உள்ளே பார்க்கும் கேமரா

பாலராமபுரத்துத் தறியில் பாவும் ஊடும் சேர்வதைப் போலத்தான் கார்பன் இழையையும் துணியாக நெய்கிறார்கள். அதை அடுக்கடுக்காக வைத்துப் பிசின் ஊட்டி, சூட்டில் இறுக்கினால் எடை குறைந்த, எஃகுக்கு ஈடான கூட்டுப்பொருள் கிடைக்கும். கேரள-தமிழக எல்லையிலுள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிக் கிராமங்களுக்கு இது அந்நியமான தொழில் அல்ல. வடக்கே வட்டியூர்க்காவில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் கூட்டுப்பொருள் பிரிவு இருக்கிறது. கிழக்கே மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறார்கள். பிஎஸ்எல்வி ராக்கெட்டின் மூன்றாம் நிலை மோட்டார் உறைகூடக் கெவ்லார் இழையால் ஆனதுதான்.

இத்தகைய பொருளில் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே பிசின் பிடிக்காமல் போனால் வெளியே ஒன்றும் தெரியாது. வெட்டிப் பார்த்தால் பாகம் வீணாகிவிடும். அதற்குத்தான் ஃபிளாஷ் சோதனை. பெரிய செனான் விளக்குகள் நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரம் மின்னும். மேற்பரப்பு சில டிகிரி சூடேறும். அந்தச் சூடு உள்ளே இறங்க இறங்க மேற்பரப்பு ஆறும். உள்ளே காற்று இடைவெளி இருந்தால் சூடு அங்கே தடைபடும். அதற்கு நேர் மேலே உள்ள இடம் மட்டும் ஆறத் தாமதிக்கும். அகச்சிவப்பு கேமரா அதைப் படமெடுத்துவிடும்.

எவ்வளவு ஆழத்தில் குறை என்பதையும் நேரமே சொல்லும். ஆழம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். கார்பன் கூட்டுப்பொருளில் இரண்டு மில்லிமீட்டர் ஆழக் குறை தெரியச் சில நொடி ஆகும். அலுமினியத்திலோ நொடியின் நூறில் சில பங்குக்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால் கேமரா நொடிக்கு நூற்றுக்கணக்கில் படமெடுக்க வேண்டும்.

இந்தச் சோதனையின் அருமையை உலகம் பெரும் விலை கொடுத்து உணர்ந்தது. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தனர். புறப்படும்போது கழன்ற நுரைத்துண்டு இடது இறக்கையின் கார்பன் முன்விளிம்பில் மோதியதே காரணம். அதன்பின் அந்த முன்விளிம்புகளை ஃபிளாஷ் முறையில் நாசா சோதித்தது. 2006இல் விண்வெளி வீரர்கள் விண்கலத்துக்கு வெளியே மிதந்தபடியே அகச்சிவப்பு கேமராவையும் இயக்கிப் பார்த்தார்கள்.

எல்லாவற்றுக்கும் இது போதாது. பளபளக்கும் உலோகம் ஒளியைத் திருப்பிவிடும். கருப்புப் பூச்சு பூச வேண்டும். ஆழத்தைவிட அகலம் குறைந்த குறை பெரும்பாலும் தப்பிவிடும். கனமான பாகங்களுக்கு மீயொலியே கைகொடுக்கும்.

கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்திலும் சென்னை ஐஐடியிலும் இத்தகைய வெப்பப்படச் சோதனை ஆய்வுகள் நடக்கின்றன. பாகத்தை வெட்டாமலே சோதிக்கும் முறைகளுக்காகச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அழிவுறாச் சோதனைச் சங்கம் இத்துறைக்குப் பயிற்சியும் சான்றிதழும் வழங்குகிறது. நெய்யாற்றின்கரை பாலிடெக்னிக்கில் படிக்கும் எல்லைப்புறப் பிள்ளைகளே, வெல்டிங், லேத்தோடு நின்றுவிடாமல் இந்தத் துறையையும் விசாரித்துப் பாருங்கள்.