கைப்போன் நம்மை விடமாட்டேன் என்பது ஏன்?

இரவு எட்டரை மணி. சாப்பாடு முடிந்தது. “ஒரு நிமிசம் பார்த்துட்டு வச்சிடுறேன்” என்று போனைக் கையில் எடுக்கிறோம். நிமிர்ந்து பார்த்தால் மணி பதினொன்று! மறுநாள் கண் எரிச்சலோடு பெரட்டுக்குப் போகிறோம். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய மகளும் போனும் கையுமாக இருக்கிறாள். ஏன் என்று கேட்டால், “நீங்களுந்தானே பார்க்குறீங்கம்மா?” என்கிறாள். நம்மிடம் பதில் இல்லை.

இதற்கு நமது மனஉறுதிக் குறைவு மட்டும் காரணமல்ல. பேஸ்புக், யூடியூப், டிக்டொக் போன்றவை, நாம் எழுந்து போகாதபடியே அமைக்கப்பட்டிருக்கின்றன. அது எப்படி என்று தெரிந்துகொண்டால் நம்மைக் காத்துக்கொள்வது சுலபம்.

நிறையாத கூடை

மலையில் கூடை நிறைந்தால் நிறுவைக்குப் போகிறோம். “போதும், நிறுத்து” என்று சொல்லும் அடையாளம் அது. முன்பு இணையப் பக்கங்களிலும் இப்படி ஓர் அடையாளம் இருந்தது. பக்கம் முடிந்ததும் ‘அடுத்த பக்கம்’ என்ற பொத்தானை அமுக்க வேண்டும். அந்த இடத்தில், “இன்னும் பார்க்கணுமா?” என்று மனசு ஒரு தடவை யோசிக்கும்.

2006ஆம் ஆண்டில் அசா ரஸ்கின் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், பொத்தான் இல்லாமலே பக்கம் தானாக நீளும் முறையை உருவாக்கினார். வசதிக்காகச் செய்ததுதான். ஆனால் யோசிக்கும் இடம் இல்லாமல் போய்விட்டது. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிறது. கூடை நிறைவதே இல்லை. 2018இல் அவரே இதற்காக வருந்திப் பேசினார். யூடியூபில் ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவதும் இதே வகைதான். நாம் தெரிவு செய்யாமலே தெரிவு நடந்துவிடுகிறது.

எப்போது வரும் என்று தெரியாத தீனி

ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்துப் பரிசோதனை செய்தார். எத்தனை தடவை கொத்தினால் தீனி விழும் என்று தெரியாதபோது, புறா விடாமல் கொத்திக்கொண்டே இருந்தது. நாமும் அப்படித்தான். பத்து வீடியோவில் ஒன்றுதான் நன்றாக இருக்கும். அந்த ஒன்றுக்காக மற்ற ஒன்பதையும் தள்ளுகிறோம். பேஸ்புக்கில் 2009இல் வந்த ‘லைக்’ பொத்தானும் இப்படியே. போட்ட படத்துக்கு எத்தனை லைக் வந்திருக்கிறது என்று பிள்ளைகள் அடிக்கடி போனைத் திறக்கிறார்கள்.

லாபம் யாருக்கு?

இவை இலவசம் என்று நினைக்கிறோம். இந்தக் கம்பனிகளின் பெரும்பகுதி வருமானம் விளம்பரத்தில் இருந்து வருகிறது. நாம் அதிக நேரம் பார்த்தால் அதிக விளம்பரம் காட்டலாம். பேஸ்புக்கின் முதல் தலைவராக இருந்த ஷோன் பார்க்கர், மக்களின் நேரத்தையும் கவனத்தையும் எவ்வளவு எடுக்க முடியும் என்ற எண்ணத்தோடுதான் இதை அமைத்தோம் என்று 2017இல் பகிரங்கமாகவே ஒப்புக்கொண்டார். நாம் கொடுப்பதோ ரீலோட் காசும் தூக்கமும். தூக்கம் கெட்டால் மறுநாள் கொழுந்து குறையும். சறுக்கலான மலையில் அரைத்தூக்கத்தில் கால் வைப்பதும் ஆபத்து.

நாம் என்ன செய்யலாம்?

போனே வேண்டாம் என்று சொல்லவில்லை. கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலை செய்யும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க அதுதான் உதவுகிறது. ஆனால் கடிவாளம் நம் கையில் இருக்க வேண்டும்.

1. போனை எடுக்கும் முன், “எதுக்கு எடுக்கிறேன்?” என்று கேளுங்கள். அந்த வேலை முடிந்ததும் கீழே வையுங்கள்.

2. செட்டிங்ஸில் தேவையில்லாத அறிவித்தல்களை நிறுத்துங்கள். வட்ஸ்அப் குழுக்களின் சத்தத்தையும் நிறுத்தலாம்.

3. யூடியூபிலும் பேஸ்புக்கிலும் வீடியோ தானாக ஓடுவதை நிறுத்துங்கள். டேட்டாவும் மிச்சமாகும். எப்படி என்று தெரியாவிட்டால் வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும்.

4. படுக்கையில் போன் வேண்டாம். சார்ஜ் போடுவதை அடுப்படிப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

5. பிள்ளைக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டம் என்று இருக்கக்கூடாது. ஒன்பது மணிக்கு எல்லோருடைய போனும் ஒரே இடத்துக்குப் போகட்டும்.

ஐந்தையும் ஒரே நாளில் செய்யத் தேவையில்லை. இன்றைக்கு இரவு ஐந்தாவதை மட்டும் செய்து பாருங்கள். “நீங்களுந்தானே பார்க்குறீங்க?” என்று கேட்ட பிள்ளைக்கு நாம் கொடுக்கக்கூடிய பதில் அதுதான்.